இரண்டு குழாய் இருந்தால் இரண்டு ஊற்று ஆகுமா? எல்லை தாண்டும் எரிவாயுக் குழாய்கள்: ஓர் எளிய விளக்கம்

பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ‘கேரளா கேஸ்’ என்று ஒரு பேச்சு ஓடுகிறது. கோயம்புத்தூருக்கு எரிவாயு, மாநில எல்லையிலிருக்கும் வாளையாறு வழியாகக் குழாயில் போகிறது, அதனால் அது கேரளாவுடைய கேஸ், நாளைக்கு இரண்டு மாநிலத்துக்கும் தகராறு வந்தால் வால்வைத் திருகி மூடிவிடுவார்கள் என்று டீக்கடையில் சத்தியம் செய்வார்கள். பக்கத்து பெஞ்சில் இருப்பவர், “அதெல்லாம் எதுக்குங்க, துர்க்மெனிஸ்தானத்திலிருந்தே நேரா பைப்பு வருதாம், வந்துட்டா விலை பாதியாயிடும்” என்பார்.

இரண்டு பேச்சும் தவறு. எந்த இடத்தில் தவறு என்று பார்க்கப் போனால், எல்லை தாண்டும் எரிவாயுக் குழாயை ஏன் போடுகிறார்கள், எப்படித் திட்டமிடுகிறார்கள், போட்ட பிறகும் சில நாடுகள் ஏன் மாட்டிக்கொள்கின்றன என்பதெல்லாம் கூடவே புரிந்துவிடும். பொறியியல் நுணுக்கங்களை விட்டுவிட்டு, அடிப்படையை மட்டும் சொல்கிறேன்.

குழாயில் போவது எது?

சிலிண்டரில் வருவது எல்.பி.ஜி. அது புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. சாதாரண வெப்பநிலையிலேயே கொஞ்சம் அழுத்தினால் திரவமாகிவிடும். அதனால்தான் அதை இரும்பு உருளையில் அடைத்து, சைக்கிள் கேரியரில்கூட வைத்துக் கொண்டுபோக முடிகிறது.

குழாயில் வருவது இயற்கை எரிவாயு. அதில் பெரும்பகுதி மீத்தேன். சாதாரண வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் மீத்தேன் திரவமாகாது. சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர வைத்தால்தான் ஆகும். ஆகும்போது அதன் பருமன் சுமார் 600-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இப்படிக் குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவுக்குத்தான் எல்.என்.ஜி. என்று பெயர். எல்.பி.ஜி.யும் எல்.என்.ஜி.யும் பெயரில் ஓரெழுத்துதான் வேறுபடுகின்றன என்பதால் செய்தித்தாள்களே சில நேரம் மாற்றிப் போட்டுவிடுகின்றன.

இந்த ஒரு குணத்திலிருந்துதான் மீதி எல்லாமே கிளைக்கிறது. மீத்தேனைத் தொலைதூரம் கொண்டுபோக இரண்டே வழிகள். குழாய் போட்டு வாயுவாகவே தள்ளலாம். அல்லது ஏற்றுமதித் துறைமுகத்தில் பெரும் செலவில் குளிர்வித்து, அதற்கென்றே கட்டிய கப்பலில் ஏற்றி, இறக்குமதித் துறைமுகத்தில் மறுபடி சூடாக்கி வாயுவாக்கலாம். கப்பல் எந்தத் துறைமுகத்துக்கும் திரும்பும். குழாய் திரும்பாது, போட்டால் போட்டதுதான்.

சரி, ‘கேரளா கேஸ்’ விஷயத்துக்கு வருவோம். கேரளாவில் எரிவாயுக் கிணறு ஒன்றுகூட இல்லை. கொச்சிக்குப் பக்கத்தில் புதுவைப்பில் பெட்ரோநெட் நிறுவனத்தின் எல்.என்.ஜி. முனையம் இருக்கிறது. 2013-இல் இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன் கொண்டது. கப்பலில் வருவதை அங்கே இறக்கி, வாயுவாக்கிக் குழாயில் விடுகிறார்கள். அந்த முனையத்தை மனதில் வைத்துப் பெட்ரோநெட் செய்த 20 ஆண்டு ஒப்பந்தம் ஆஸ்திரேலியாவின் கார்கன் எரிவாயு வயலோடு. ஆக, வாளையாற்றைத் தாண்டுவது ஆஸ்திரேலியாவோ கத்தாரோ வேறு ஏதோ நாடோ தோண்டி எடுத்த வாயு. கேரளா அதற்கு வழி, அவ்வளவுதான்.

ஊற்று வேறு, வழி வேறு. எரிவாயுப் பேச்சில் நடக்கும் குழப்பத்தில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

சிறுவாணியை வைத்துப் பார்ப்போம்

எல்லைப்பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்கத் தூரம் போக வேண்டாம், கோயம்புத்தூரின் குடிநீர் போதும்.

சிறுவாணி அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில். தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, குழாயில் கோவைக்குப் போகிறது. இரு மாநிலங்களும் 1973-இல் 99 ஆண்டுக்கு ஒப்பந்தம் செய்தன. ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. தண்ணீர் என்பது கணக்கு. ஒப்பந்தம் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அணைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி நீர்மட்டத்தைக் கேரளா குறைத்து வைத்தாலோ மழை பொய்த்தாலோ கோவையில் குழாய்த் தண்ணீர் விடும் நாள் தள்ளிப்போகும். தகராறே இல்லாத ஆண்டிலும் இது நடக்கும். எல்லை தாண்டி வரும் எந்தப் பொருளுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஒப்பந்தத்தை யாரும் மீற வேண்டியதில்லை, அடுத்த பக்கத்தின் நிலவரம் மாறினாலே போதும்.

இதற்கு மாற்றாகக் கோவைக்கு வந்தது பில்லூர்த் திட்டம். பில்லூர் அணை தமிழ்நாட்டில் இருக்கிறது, பவானி ஆற்றில். ‘இது நம்ம தண்ணி’ என்று நிம்மதியாகச் சொல்லலாம் என்று தோன்றும். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பவானி நீலகிரியில் பிறந்து, கேரளாவுக்குள் நுழைந்து, அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டு மறுபடி தமிழ்நாட்டுக்குள் வந்துதான் பில்லூரைச் சேர்கிறது. சிறுவாணி ஆறு அட்டப்பாடியிலேயே பவானியில் கலக்கிறது. நீலகிரியின் நீர்மின் நிலையங்களிலிருந்து வரும் தண்ணீரும் பில்லூருக்கு உண்டு என்பதால் முழுக்க ஒரே ஊற்று என்று சொல்ல முடியாது. ஆனாலும் தென்மேற்குப் பருவமழை பொய்த்தால் இரண்டும் சேர்ந்தேதான் இளைக்கும்.

அதற்காகப் பில்லூர் வீண் என்று சொல்லவில்லை. சிறுவாணிக் குழாய் உடைந்தால் பில்லூர் கைகொடுக்கும். மழை பொய்த்தால் அவ்வளவாகக் கொடுக்காது. எந்த ஆபத்துக்கு எது மாற்று என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். எரிவாயுவிலும் இதே கேள்விதான். கேட்காமல் விட்ட நாடுகள் பின்னால் விலை கொடுத்தன.

தள்ளினால்தான் நகரும்

ஆனால் ஓர் இடத்தில் தண்ணீரும் வாயுவும் பிரிந்து போகின்றன. தண்ணீர் பள்ளம் பார்த்துத் தானாக ஓடும். வாயுவுக்கு மேடும் பள்ளமும் பெரிய விஷயமில்லை. அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு அது நகரும். நீண்ட தூரக் குழாயின் தொடக்கத்தில் காற்று மண்டல அழுத்தத்தைப் போல 70 முதல் 100 மடங்கு வரை அழுத்தி உள்ளே விடுவார்கள். போகப் போகக் குழாய்ச் சுவரோடு உரசி அழுத்தம் குறையும். அதனால் வழியில் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை மறுபடி அழுத்தித் தள்ளும் இயந்திர நிலையம் வேண்டும். இதைக் கம்ப்ரசர் நிலையம் என்கிறார்கள். அந்த இயந்திரங்கள் பெரும்பாலும் அதே குழாயிலிருந்து கொஞ்சம் வாயுவை எடுத்து எரித்தே ஓடும். ஆகவே தூரம் கூடக் கூட, போய்ச் சேரும் முன்பே வழிச் செலவில் ஒரு பங்கு கரைகிறது.

கேரளாவுக்குள் கஞ்சிக்கோட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் உறவுக்காரர் ஒருவர் கேட்டார்: “ஏன் மாப்ளே, பைப்பு நம்ம காட்டு வழியாத்தானே போகுது, ஒரு ‘டீ’ இணைப்புப் போட்டு நம்ம வீட்டுக்கு இழுத்துக்கக் கூடாதா?” கேலிக்குக் கேட்டாலும் நியாயமான கேள்வி. அடுப்பங்கரைக்கு வரும் குழாய் எரிவாயுவின் அழுத்தம் 21 மில்லிபார். ஒரு வளி அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அவர் காட்டுக்கு அடியில் போகும் குழாயில் இருப்பது அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. ஊருக்கு வெளியே ஒரு நிலையத்தில் அழுத்தத்தைப் படிப்படியாக இறக்கி, கசிந்தால் தெரிவதற்காக நாற்றப்பொருள் கலந்து, அதன்பிறகுதான் தெருக்களுக்கு அனுப்புவார்கள். இயற்கை எரிவாயுவுக்கு இயல்பில் வாசனையே கிடையாது.

குழாயின் விட்டம் இன்னொரு முக்கியமான விஷயம். விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் ஓட்டமும் இரண்டு மடங்காகும் என்று நினைப்போம். குறுக்குப் பரப்பே நான்கு மடங்காகிறது, உரசலும் குறைகிறது. அதே அழுத்தத்தில் சுமார் ஐந்தரை மடங்கு வாயு போகும். ஆனால் இரும்புச் செலவு அந்த அளவுக்கு ஏறாது. எனவே பெரிய குழாயாகப் போட்டுவிடுவது லாபம், அதை நிரப்ப வாயுவும் வாங்க ஆளும் இருந்தால். இல்லாவிட்டால் காலிக் குழாய்க்கு வட்டி கட்டிக்கொண்டிருக்க வேண்டும். கம்ப்ரசரைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். விட்டத்தை மண்ணில் புதைத்த பிறகு மாற்ற முடியாது. அதனால்தான் திட்டம் போடும்போது முதல் சண்டையே ‘எத்தனை அங்குலம்’ என்பதில் வருகிறது.

வாயு சுருங்கும் தன்மையுள்ளது என்பதால் குழாயே ஒரு சிறு கிடங்காகவும் பயன்படும். இரவில் கொஞ்சம் அதிகம் அடைத்து வைத்துப் பகலில் எடுக்கலாம். இந்தக் கையிருப்பை லைன் பேக் என்பார்கள். அது சில மணி நேரத்துக்குக் காணும், மாதக்கணக்குக்கு ஆகாது. ஐரோப்பிய நாடுகள் குளிர்காலத்துக்காக நிலத்தடியில் பெருமளவு வாயுவைச் சேமிக்கின்றன. இந்தியாவில் அந்த மாதிரிப் பெரிய சேமிப்பு இதுவரை இல்லை. வரத்து நின்றால் நமக்கு அவகாசம் குறைவு.

யார் முதலில் கையெழுத்துப் போடுவது?

குழாய் போடுவது என்றால் பொறியாளர்கள் இரும்பை இறக்கி வெல்டிங் செய்வதுதான் நம் கண்ணில் படும். அது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் பல ஆண்டுகள் காகிதத்தில் போகும்.

கிணறு வைத்திருப்பவர், ‘வாங்க ஆள் உறுதியாக இருந்தால்தான் தோண்டுவேன்’ என்பார். வாங்குபவர், ‘குழாய் வந்தால்தான் என் தொழிற்சாலையை எரிவாயுவுக்கு மாற்றுவேன்’ என்பார். குழாய் போடுகிறவருக்கு இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் வங்கி கடன் தரும். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கு உருவானவைதான் 15, 20 ஆண்டு நீளமுள்ள ஒப்பந்தங்கள். அவற்றில் பெரும்பாலும் ஒரு விதி இருக்கும்: ஒப்புக்கொண்ட அளவை எடுக்காவிட்டாலும் அதற்கான பணத்தைக் கட்ட வேண்டும். இதன் பெயர் டேக் ஆர் பே.

கேட்பதற்குக் கந்துவட்டி மாதிரி இருக்கும். ஆனால் இது இல்லாமல் யாரும் பல்லாயிரம் கோடியை மண்ணில் புதைக்க மாட்டார்கள். இந்தியா இதில் ஒருமுறை வசமாகச் சிக்கியது. 2015-இல் உலகச் சந்தையில் விலை சரிந்தபோது, கத்தாரிடம் ஒப்புக்கொண்ட அளவைப் பெட்ரோநெட் எடுக்கவில்லை. வெளிச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும்போது யார் எடுப்பார்கள்? ஒப்பந்தப்படி சுமார் 12,000 கோடி ரூபாய் அபராதம் வந்தது. அந்த ஆண்டு முடியும் தறுவாயில் கத்தார் அதைத் தள்ளுபடி செய்து, விலைச் சூத்திரத்தையும் மாற்றிக்கொடுத்தது. நல்ல மனதால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பெரிய வாடிக்கையாளரை இழக்க விரும்பாத வியாபாரியின் கணக்கு அது. சந்தையில் சரக்கு மிதமிஞ்சிக் கிடந்த காலம், வாங்குபவரின் கை ஓங்கியிருந்தது.

குழாயும் வாடிக்கையாளரும் சேர்ந்து வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொச்சியே சாட்சி. முனையம் 2013-இல் தயார். அதிலிருந்து வெளியே போகும் நீண்ட குழாய் தயாரில்லை. பல ஆண்டுகள் அந்த முனையம் தன் கொள்ளளவில் சிறு பங்கை வைத்தே ஓட வேண்டியிருந்தது. 450 கிலோமீட்டர் கொச்சி–மங்களூரு குழாய் 2021 ஜனவரி 5 அன்றுதான் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்தக் குழாயிலிருந்து பாலக்காடு மாவட்டத்தின் கூற்றநாட்டில் பிரியும் கிளைதான் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வாளையாற்றுக்கு வருகிறது. ரயிலும் தேசிய நெடுஞ்சாலையும் போகும் அதே கணவாய். மலையைக் குடையாமல் மேற்குத் தொடர்ச்சியைத் தாண்ட இந்தப் பக்கம் வேறு நல்ல வழி கிடையாது.

வழியில் இருப்பவர்கள்

குழாய் வாங்குபவரின் நிலத்திலும் விற்பவரின் நிலத்திலும் மட்டும் போனால் பிரச்சினை பாதி. நடுவில் மூன்றாவது நாடு வந்தால் அதற்கு வழிக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த நாட்டுக்குக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசும் வலுவும் வந்துவிடும். இப்படி இடைநாட்டின் வழியே சரக்கு கடந்துபோவதை டிரான்சிட் என்கிறார்கள்.

இந்தியா மூன்று பக்கமும் முயன்று பார்த்தது. மேற்கே ஈரான்–பாகிஸ்தான்–இந்தியா குழாய்: 1990-களிலிருந்து பேச்சு, விலையும் பாதுகாப்பும் ஒத்துவராமல் 2000-களின் இறுதியில் இந்தியா விலகிக்கொண்டது. கிழக்கே மியான்மர்–வங்கதேசம்–இந்தியா: 2005-இல் மூன்று நாடுகளும் கூடிப் பேசின. தன் மண்ணில் வழி விடுவதற்கு வங்கதேசம் வைத்த வர்த்தக, மின்சார நிபந்தனைகளில் அது நின்றது. அப்போது பேசப்பட்ட மியான்மரின் ஷ்வே வயலின் வாயு 2013 முதல் குழாய் வழியாகச் சீனாவுக்குப் போகிறது. அந்த வயலில் நம் அரசு நிறுவனங்களான ஓ.என்.ஜி.சி. விதேஷுக்கும் கெயிலுக்கும் பங்கு உண்டு என்பதுதான் வேடிக்கை. வயலில் பங்கு நமக்கு, வாயு சீனாவுக்கு.

மூன்றாவதுதான் டீக்கடையில் பேசப்படும் துர்க்மெனிஸ்தான் குழாய். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியா வரை 1,814 கிலோமீட்டர். நான்கு நாடுகளின் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து தாப்பி என்கிறார்கள். ஆண்டுக்கு 3,300 கோடி கன மீட்டர் திறன் என்று திட்டம். 2010-இல் நாடுகளுக்கிடையே ஒப்பந்தம், 2015 டிசம்பரில் துர்க்மெனிஸ்தானில் தொடக்க விழா. இந்தியாவுக்கு ஒரு கன மீட்டர்கூட வந்தபாடில்லை. வழியில் இருக்கும் நாடுகளைப் பார்த்தாலே காரணம் விளங்கும். அதுவே வந்தாலும் விலை பாதியாகும் என்று நினைக்க வேண்டாம். விற்பவர் விலையோடு இரண்டு நாட்டு வழிக் கட்டணமும் கம்ப்ரசர் செலவும் கடனுக்கு வட்டியும் சேரும்.

இன்றுவரை வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குள் வரும் எரிவாயுக் குழாய் ஒன்றுகூட இல்லை. நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் இங்கிருந்து குழாய் போகிறது, ஆனால் அவற்றில் போவது டீசல் போன்ற எண்ணெய்ப் பொருட்கள். இறக்குமதியாகும் எரிவாயு முழுவதும் கப்பலில்தான் வருகிறது.

நாடுகள் மட்டும்தான் வழியில் நிற்கும் என்றில்லை. வாளையாற்றுக்குக் கிழக்கே நடந்ததை இந்தப் பக்கத்தில் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர் குழாய் பதிக்கக் கெயில் வந்தபோது விவசாயிகள் தோட்டங்களில் படுத்து மறித்தார்கள். 2013-இல் தமிழக அரசு, விளைநிலத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது. அதே ஆண்டு உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2016-இல் உச்ச நீதிமன்றமும் கெயில் பக்கமே நின்றது. தீர்ப்பு வந்தும் மண் வெட்டுவது எளிதாகிவிடவில்லை. கேரளாவிலும் அடுத்த ஆண்டு கோழிக்கோடு மாவட்டம் முக்கம் பக்கத்தில் பெரிய போராட்டம் வெடித்தது.

விவசாயிகளின் கோபத்துக்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 1962-ஆம் ஆண்டுப் பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி நிலத்தை வாங்குவதில்லை, பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பட்டா உங்கள் பேரில்தான் இருக்கும். ஆனால் குழாய் போகும் அந்த நிலப் பட்டையின் மேல் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. சட்டம் சொல்லும் இழப்பீடு, பயிர்ச் சேதத்தோடு நில மதிப்பில் 10 சதவீதம். நிலக்கடலைக் காட்டுக்கு இது பெரிய அடி இல்லை. தென்னந்தோப்புக்கு அப்படியில்லை. என் உறவுக்காரர் தோட்டத்தில் வரிசை வரிசையாகத் தென்னை போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு வண்டிப்பாதை அகலத்துக்கு மேல் வெட்டவெளி, அதில் வெண்டையும் கடலையும், ஓரத்தில் மஞ்சள் நிற எச்சரிக்கைக் கல். கல்லைத் தாண்டினால் மறுபடி தென்னை. நாற்பது ஆண்டு காய்க்கும் மரத்துக்குப் பத்து சதவீதம் என்றால் யார் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள்? விவசாயிக்கு வளர்ச்சி பிடிக்கவில்லை என்று தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் அந்தச் சட்டத்தின் ஒன்பதாம், பத்தாம் பிரிவுகளை வாசித்துவிட்டுப் பேசலாம்.

பாதுகாப்புப் பயமும் வெறும் கற்பனை கிடையாது. ஆந்திராவில், கிழக்கு கோதாவரி மாவட்டத்து ‘நகரம்’ என்ற கிராமத்தில் 2014 ஜூன் 27 அன்று விடியற்காலையில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஈரத்தை முழுதாக நீக்காத வாயு அந்தக் குழாயில் போய்க்கொண்டிருந்தது. உள்ளே தங்கிய நீர் இரும்பை அரித்திருந்தது. உலர்ந்த வாயு, வெளிப்பக்கம் துருவைத் தடுக்கும் மின்காப்பு, உள்ளே ஓடவிட்டுச் சோதிக்கும் கருவி எல்லாம் ஒழுங்காக இருந்தால் குழாய் பாதுகாப்பானதுதான். அந்த ‘ஒழுங்காக’ என்ற சொல்லை யார் கண்காணிக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை நிலத்துக்காரருக்கு உண்டு.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: குழாய்க்கு ஊற்று வேண்டும், நீண்ட கால வாடிக்கையாளர் வேண்டும், சரியான விட்டம் வேண்டும், வழியில் இருப்பவர்களின் சம்மதமும் வேண்டும். இனி இவ்வளவு பாடுபட்டு எதற்காகப் போடுகிறோம் என்ற கேள்வி.

இரண்டாவது குழாய், இரண்டாவது ஊற்றா?

பல்கேரியா ஒரு நல்ல பாடம். சிறிய நாடு, ஆண்டுக்குச் சுமார் 300 கோடி கன மீட்டர் எரிவாயு செலவாகும். ஏறக்குறைய முழுவதும் ரஷ்யாவிலிருந்து, உக்ரைன் வழியாக வந்துகொண்டிருந்தது. 2009 ஜனவரியில் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் விலைத் தகராறு. கடும் குளிரில் இரண்டு வாரம் குழாய் நின்றது. சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத பல்கேரியாவில் வீடுகளுக்கு வெப்பமில்லை, ஆலைகள் நின்றன.

பிறகு அந்த நாட்டுக்குப் புதுக் குழாய் வந்தது. கருங்கடலின் அடியில் துருக்கிக்கு வந்து, அங்கிருந்து பல்கேரியாவுக்குள் நுழையும் துர்க்ஸ்ட்ரீம். 2020 ஜனவரி முதல் அந்த வழியாகத்தான் வாயு வந்தது. உக்ரைன் தகராறு இனி பாதிக்காது. ஆனால் அதில் வந்ததும் ரஷ்ய வாயுதான். வழி மாறியது, ஊற்று மாறவில்லை. 2022 ஏப்ரல் 27 அன்று, ரூபிளில் பணம் கட்ட மறுத்ததற்காக ரஷ்யாவே வரத்தை நிறுத்தியபோது அந்தப் புதிய குழாயால் ஒரு பயனும் இல்லை.

அப்போது கைகொடுத்தது இன்னொரு குழாய். கிரீஸின் கொமோட்டினியிலிருந்து பல்கேரியாவின் ஸ்தாரா ஸகோரா வரை 182 கிலோமீட்டர். அது அஸர்பைஜான் வாயு வரும் பெருங்குழாயோடும், கிரீஸின் எல்.என்.ஜி. முனையத்தோடும் பல்கேரியாவை இணைக்கிறது. திறன் ஆண்டுக்கு 300 கோடி கன மீட்டர், கிட்டத்தட்ட நாட்டின் முழுத் தேவை. 2009 நெருக்கடி முடிந்த கையோடு ஒப்புக்கொண்ட திட்டம். ஓடத் தொடங்கியது 2022 அக்டோபர் 1. 182 கிலோமீட்டருக்குப் பதின்மூன்று ஆண்டுகள்! கெயில் மட்டும்தான் தாமதம் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஜெர்மனியும் இதே இடத்தில் தவறியது. பால்டிக் கடலின் அடியில் 2011-இல் திறந்த நார்ட் ஸ்ட்ரீம் குழாய், உக்ரைனையும் போலந்தையும் சுற்றிக்கொண்டு நேராக ரஷ்யாவோடு இணைத்தது. வழியில் யாரும் கை வைக்க முடியாது என்பதைப் பாதுகாப்பு என்று சொன்னார்கள். ஒரே விற்பனையாளரை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டதுதான் நடந்தது. 2022 செப்டம்பரில் கடலடியில் குண்டு வைத்து அந்தக் குழாய்களைத் தகர்த்தபோது, அதற்கு முன்பே ரஷ்யா அதில் வரத்தை நிறுத்தியிருந்தது.

2009-க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கணக்கு முறையை விதியாக்கியது. ஒரு நாட்டின் மிகப்பெரிய எரிவாயு வழி ஒன்று முழுதாக நின்றுவிட்டதாக வைத்துக்கொள். இருபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் கடும் குளிர் நாளில், மீதி வழிகளை வைத்து நாட்டின் தேவை தீருமா என்று பார். இதற்கு ‘N-1’ (என் மைனஸ் ஒன்) என்று பெயர். எத்தனை குழாய் இருக்கிறது என்பதை விட, பெரியது போனால் என்ன மிஞ்சும் என்று கேட்கிறது. நல்ல விதிதான். ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. வழி ஒன்று போவதை அது எண்ணுகிறது. விற்பவர் ஒருவர் மனம் மாறினால் இரண்டு மூன்று வழிகள் சேர்ந்தே வறண்டு போகும் என்பதை எண்ணுவதில்லை. 2022-இல் அதுவே நடந்தது.

அதே சமயத்தில் வந்த இன்னொரு விதி பெரிதாகப் பேசப்படவில்லை, ஆனால் அதிகம் உதவியது. குழாய்களில் வாயு இரு திசையிலும் போகும்படி கம்ப்ரசர்களை மாற்றி அமைக்கச் சொன்னார்கள். இதை எதிர்த்திசை ஓட்டம் என்று சொல்லலாம். கிழக்கிலிருந்து மேற்கே மட்டும் போன குழாய்களில் மேற்கிலிருந்து கிழக்கே தள்ள முடிந்தது. புதுக் குழாய் போடும் செலவில் சிறு பங்குதான். நிலத்துக்காரரிடம் மறுபடி போய் நிற்கவும் வேண்டாம்.

நம் பக்கத்துக் கணக்கு

‘கேரளா வால்வை மூடிவிடும்’ என்ற பயத்துக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். மாநிலம் தாண்டும் இந்தக் குழாய் கெயிலுடையது. அனுமதியும் கட்டண விதியும் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் கையில். சிறுவாணி மாதிரி அணை மதகு மாநிலத்தின் கையில் இருக்கும் ஏற்பாடு இது இல்லை. வால்வு நிலையங்களைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்குவதும் குழாய் நிறுவனம்தான்.

உண்மையான ஆபத்து கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இந்தியாவுக்கு அதிக எல்.என்.ஜி. விற்பது கத்தார். 2028-இலிருந்து இன்னும் 20 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 75 லட்சம் டன் வாங்கப் பெட்ரோநெட் 2024-இல் ஒப்பந்தத்தை நீட்டித்தது. கத்தார்க் கப்பல் ஒவ்வொன்றும் ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டித்தான் வெளியே வர முடியும். ஆகக் குறுகிய இடத்தில் அது நாற்பது கிலோமீட்டர்கூட அகலமில்லை. கொச்சியில் இறக்கினாலும் எண்ணூரில் இறக்கினாலும் மகாராஷ்டிரத்து தாபோலில் இறக்கினாலும் கத்தார்ச் சரக்குக்கு அந்த ஒரே வாசல்தான்.

விற்பவரை மாற்றினால் போதுமா என்றால் அதுவும் முழுப் பதிலில்லை. கெயில், ரஷ்யாவின் காஸ்ப்ரோம் குழுமத்தோடு ஆண்டுக்கு 25 லட்சம் டன்னுக்கு ஒப்பந்தம் வைத்திருந்தது. சரக்கைத் தரவேண்டிய நிறுவனத்தின் தாய் நிறுவனமான, ஜெர்மனியிலிருந்த காஸ்ப்ரோம் கிளை 2022-இல் ஜெர்மன் அரசின் பொறுப்புக்குப் போனது. ஐரோப்பாவிலேயே தட்டுப்பாடு. இந்தியாவுக்கு வரவேண்டிய கப்பல்கள் வரவில்லை. கெயில் தன் வாடிக்கையாளர்களுக்கு அளவைக் குறைத்தது. அந்தச் சண்டையில் நமக்குப் பங்கே இல்லை, 2009-இல் பல்கேரியாவுக்கு இல்லாதது போலவே.

உள்நாட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாபோலிலிருந்து பெங்களூருவுக்குக் குழாய் 2013 முதல் ஓடுகிறது. எண்ணூர் முனையம் 2019-இல் திறந்தது. அங்கிருந்து பெங்களூரு பக்கமும் தூத்துக்குடி பக்கமும் போகும் இந்தியன் ஆயில் (ஐ.ஓ.சி.) குழாயில் ராமநாதபுரம்–தூத்துக்குடிப் பகுதி 2021-இல் தொடங்கியது. வாளையாற்றுக் குழாய் கோவை, சேலம், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூருவைத் தொட்டு முழுமையானால், மேற்குக் கடற்கரையின் இரண்டு முனையங்களும் கிழக்குக் கடற்கரையின் ஒரு முனையமும் ஒரே வலைக்குள் வரும். கொச்சியில் புயலோ பழுதோ என்றால் எண்ணூரில் இறக்கிய வாயு, கம்ப்ரசர்கள் அதற்கேற்ற மாதிரி அமைந்திருக்கும் பட்சத்தில், வாளையாற்றைத் தாண்டிக் கேரளாவுக்குள் போகலாம். அப்போது கஞ்சிக்கோட்டு ஆலைக்காரர்கள் அதைத் தமிழ்நாட்டு கேஸ் என்று சொல்லிக்கொள்வார்களா என்று பார்க்க வேண்டும்.